இரண்டாவது கிண்ணம் பாயா

டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் மஹ்பூபியின் காதில் இனித்தது. அப்படி இனித்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அடிஸ் அபாபா நம்ம ஏலகிரியை விட ரெண்டு மடங்கு உயரம் பாய். ஆக்சிஜன் கம்மி. ரத்தம் கெட்டியாகும். உடம்புல செல்லை அரிக்கிற கழிவு கூடும். அறுபதைத் தாண்டினா அதை அடக்குற சக்தியும் குறைஞ்சிடும். இதுல கொழுப்பு வேற இவ்ளோ இருந்தா, அதுவும் கெட்டு ரத்தக் குழாய்ல படிஞ்சிடும். டிரைகிளிசரைடு நானூத்திப் பன்னெண்டு! போன வருஷம் நூத்தி அறுபது. இனிமே அங்க போகாதீங்க."

அஹமது பாஷாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆம்பூரில் தோலுக்கு மெருகேற்றக் கற்றவர், எத்தியோப்பியத் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருடமாக வேலை செய்கிறார். வருடத்தில் ஒரு மாதம்தான் வீடு. மற்ற பதினோரு மாதமும் மஹ்பூபி போனிலேயே குடும்பம் நடத்தினாள். இந்த வருடம் ரம்ஜானுக்கு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தூபா பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அம்மி. அப்பா கேட்டா குடுக்காதீங்க."

அவர் கேட்கவே இல்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார். தோல் ஏற்றிய லாரி தெருவில் போனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மோப்பம் பிடித்தார். சோபா உறையைக் கட்டைவிரலால் தேய்த்து, "பாலிஷ் கம்மி" என்று அதனிடமே குறை சொன்னார். நோன்பு திறக்கும்போது சமோசா இல்லை. தூபா கரைத்த ஓட்ஸ் கஞ்சியை மருந்துபோலக் குடித்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. "பாக்கலாம் சார்" என்றவர், வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்பில் தொங்கிய சாவி மஹ்பூபியை உறுத்தியது. அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது.

ரத்தம் கொடுத்த அன்று விடியுமுன் சஹர் உணவுக்கு அவள் ஆட்டுக்கால் பாயா வைத்திருந்தாள். அவர் இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒன்பது மணிக்கு லேபில் ரத்தம் எடுக்கும் மேகலா, "வெறும் வயிறா சார்?" என்று கேட்டபோது, "நோன்பும்மா" என்றார் பெருமையாக. அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது என்று ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மஹ்பூபி அதைப் படித்துவிட்டு நான்காக மடித்து வைத்தாள்.

சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாமல் விட்டால் இங்கேயே இருப்பார். ஆனால் இப்படியா?

வியாழக்கிழமை மாலை அசர் தொழுகை முடிந்து வந்தவர், ஹாலில் மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மஹ்பூபி சாவியை அவிழ்த்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏங்க, அந்த ரிப்போர்ட் தப்பு. நீங்க சஹர்ல பாயா சாப்ட்டீங்க. நாலு மணி நேரம்கூட ஆகல."

அவர் நிமிர்ந்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"ரிப்போர்ட் வந்த அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"பதினேழு வருஷமா நானும் உங்கள மாதிரிதான் ஜன்னல்ல நின்னேன். அத யாரு கேட்டா?"

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள்.

"இன்னா மஹ்பூ," என்றார் கடைசியில். "ஒரு தடவகூட நானும் வர்றேன்னு நீ சொல்லலியே."

"ஒரு தடவகூட நீங்க கூப்பிடல."

அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு சஹருக்கு என்னை எழுப்பாத," என்றார் அவர். "நீயும் சாப்டாத. அந்த உயரத்துக்கு உன் ரத்தம் தாங்குமான்னும் பாத்துடலாம்."

"தாங்கலன்னா?"

"நானும் போகல. அப்போ பீரோவ நானே பூட்டி சாவிய உன் கையில குடுக்குறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு லேப் பெஞ்சில் இருவரும் அடுத்தடுத்து உடுப்பின் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மஹ்பூபிக்குப் பசியில் தலை சுற்றியது. என்ன எண் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

"நோன்பா ஆன்ட்டி?" என்றாள் மேகலா, ஊசியைப் பிரித்தபடி.

"நோன்புதான். ஆனா சஹர் சாப்பிடல, ரெண்டு பேருமே. அதையும் எழுதிக்கோம்மா."