பொம்மைக் கரண்ட்

வெயிலில் வரும் கரண்ட் என்றாலே பாய்லர்காரருக்கு இளக்காரம். முப்பது வருடம் அனல் மின்நிலையத்தில் நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் வீடு உயர டர்பைனைச் சுழல விட்டவர். சத்தமில்லாமல் புகையில்லாமல், வெயிலில் மல்லாந்து கிடக்கிற கண்ணாடிப் பலகையை அவர் எப்படி மதிப்பார்? "பொம்மைக் கரண்டு" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்.

மொட்டை மாடியில் அந்தப் பலகைகளைப் போட்டவன் அவருடைய மச்சினன், லைன்மேன். நிலையத்துச் சாம்பல் காற்றைச் சுவாசித்தே அவன் அக்காவின் நுரையீரல் பழுதாகியிருந்தது. ஆக்சிஜன் மெஷின் நின்றால் அரை மணி நேரம் தாங்கமாட்டாள். பலகைகள் பேட்டரியை நிரப்பும். லைனில் கரண்ட் போனால், இன்வெர்ட்டரின் வயரை ஹால் பிளக்கில் செருகினால் போதும், வீடு முழுக்கக் கரண்ட் வரும். தானாக மாற்றிவிடும் சுவிட்ச் இன்னும் வந்து சேரவில்லை.

"செருகறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிடணும் மாமா. இல்லன்னா நம்ம கரண்டு வெளிய லைனுக்குப் போயிடும்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

அன்று காலை அடித்த காற்றில், தெருக்கோடியில் தனியாக இருந்த அவர்கள் வீட்டுக்கு வரும் கம்பி அறுந்து மெஷின் நின்றது. பொம்மையைத் தொட மனமில்லாமல் பாய்லர்காரர் மச்சினனுக்குப் போன் போட்டார். அக்கா வீடாயிற்றே, மச்சினன் ஒரு உதவியாளையும் கூட்டிக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடிவந்தான். கம்பியில் கரண்ட் இல்லையென்று சோதித்தான். வீட்டுப் பக்கத்து அறுந்த முனையைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏறுவதற்கு முன் ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

"மாமா, மெயினை ஆஃப் பண்ணிட்டீங்கல்ல?"

"ஊருக்கே கரண்டு குடுத்தவன்டா நான். எனக்கே பாடம் எடுக்காதே. நீ ஏறு!"

சொல்லிவிட்டு, ஆஃப் செய்யத்தான் எழுந்தார். அதற்குள் மனைவிக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. மெயின் சுவிட்ச் வாசலில். பிளக் கைக்கெட்டும் தூரத்தில். இந்தப் பொம்மை கம்பம் வரை போய் என்ன கிழித்துவிடப் போகிறது?

செருகினார்.

மெஷின் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவள் மார்பு சீராக ஏறி இறங்கியது. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவருக்கு.

வெளியே கனமாக ஏதோ விழுந்தது. கூட வந்திருந்த ஆள் அலறினான்.

"லைன் ஆஃப்லதானே இருக்கு! எங்கேருந்து வந்துச்சு கரண்டு?"

பாய்லர்காரர் வாசலுக்கு ஓடினார். மெயின் சுவிட்ச் ஆனில் இருந்தது. அதைக் கீழே இழுத்தார். கம்பத்தடியில் மச்சினன் உள்ளங்கை கருகிக் கிடந்தான். மூச்சில்லை. நான்தான் கொன்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கரண்டு வந்துடுச்சுங்க! என் தம்பி கெட்டிக்காரன். உள்ள கூப்பிடுங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."