மாடிக் குடித்தனம்

"மாடியில இருக்கிறவரா? அவர் நம்ம குடித்தனக்காரர் சார்."

அண்ணன் சொன்னது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த தங்கையின் காதில் விழுந்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி நின்றுவிட்டாள்.

வாசலில் நின்றவர் குடியேற்ற அலுவலகத்து விசாரணை அதிகாரி. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வருவார்கள் என்று வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார். ஆனால் அதிகாரி வந்த நேரத்தில் தெருவின் ஜன்னல்கள் பாதி திறந்து கிடந்தன. அண்ணனுக்கு அதிகாரியைவிட அந்த ஜன்னல்கள்மேல்தான் பயம் அதிகம்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். சின்ன வயதிலேயே புருஷனை விபத்தில் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். அச்சகத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்க வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், ஒருநாள் உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் திருதிருவென்று விழித்தார். பார்வை தெரியவில்லையா, பாஷை தெரியவில்லையா என்று விளங்காமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தே வருஷக்கணக்காகியிருந்தது. அதன்பின் உடையாத கண்ணாடிக்கும் அவர் அடிக்கடி வரத் தொடங்கினார். கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. ஒருத்தனை விழுங்கியவளுக்கு இன்னொருத்தன் கேட்கிறதா, அதுவும் எந்த ஊர்க்காரனோ என்று சொந்தபந்தம் காறித் துப்பும் என்றார். அண்ணிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடியும்வரை மாடியில் இருவரும் இருந்துகொள்ளட்டும், தெருவுக்கு மட்டும் அவள் கீழே இருப்பவள், அந்த ஆள் மாடிக் குடித்தனக்காரர் என்றே இருக்கட்டும் என்றாள். பயந்து கிடந்தவளுக்கு அதுவே பெரிய வரமாகத் தெரிந்தது. காலையில் அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் வாசலில் கால் வைப்பாள்.

இப்போது, அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பொய் வாசல்வரை வந்து நின்றது. அவருடைய தங்கும் அனுமதி முடியப்போகிறது. காகிதத்துக்காகச் செய்துகொண்ட கல்யாணம் என்று அலுவலகம் முடிவுகட்டிவிட்டால் அவரை அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரவும் விடமாட்டார்கள்.

"விண்ணப்பத்துல உங்க தங்கச்சியோட கணவர்னு இருக்கே?" என்றார் அதிகாரி.

அண்ணன் ஜன்னல்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பேப்பர்ல அப்படித்தான் சார்."

அதிகாரி அதை அப்படியே குறித்துக்கொண்டார். அவள் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. அதிகாரியின் எதிரே போய் நின்றாள்.

"அவர் என் வீட்டுக்காரர் சார்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா."

அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள்.

அதிகாரி அசரவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வெளியாள் யாராவது சொல்லவேண்டும் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். போயும் போயும் அந்த வீடு. எதிர்வீட்டம்மா அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். தன் கதை முடிந்தது என்றே அவள் நினைத்தாள்.

மாடியில் இருப்பவர் குடித்தனக்காரரா என்ற கேள்வி முடிவதற்குள் எதிர்வீட்டம்மா பிடித்துக்கொண்டாள்.

"குடித்தனக்காரனா? யாரு காதுல பூ சுத்துறாங்க? அவனோட குடித்தனமே நடத்துறா சார் இவ. வேலை விட்டு வந்ததும் நேரா அந்த ரூமுக்குத்தான் போவா. அவன் சமைப்பான், இவ உக்காந்து சாப்பிடுவா. ஞாயித்துக்கிழமையானா ஒருத்தர் தலைக்கு ஒருத்தர் சாயம் பூசிக்கிறாங்க. புருஷன் செத்த பொம்பளை செய்யுற காரியமா இது?"

ஒன்று விடாமல் எழுதிக்கொண்ட அதிகாரி, கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். புகார் என்று நினைத்து அந்தம்மா மனம் குளிரப் போட்டுக்கொடுத்தாள்.

பிறகு அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு அறையில். தெரு பேசிய பேச்சை ஓர் அரசாங்க ஆள் நிதானமாக வாசித்தபோது அவளுக்கு மேல்தோலை உரிப்பது போலிருந்தது. இதெல்லாம் உண்மையா என்றார். உண்மைதான் என்றாள். அப்படியானால் கூடப்பிறந்தவர் ஏன் மறைத்தார் என்றார்.

"நான் புருஷனைப் பறிகொடுத்தவ சார். எனக்கு மறுபடி ஒரு புருஷன் இருக்கிறது அவங்களுக்கு அவமானம்."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அவர் கொஞ்சநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதாமலே விட்டுவிட்டார். ஒரு வருஷத்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் மறுபடி விசாரணை. உறவுக்காரர் வார்த்தை அவளுக்கு எதிராகவும், ஆகாதவள் வசவு அவளுக்குச் சாதகமாகவும் கோப்பில் ஏறியிருந்தன.

வீட்டில் அண்ணன் பெருமூச்சு விட்டார். அதுதான் அனுமதி வந்துவிட்டதே, பெண் கல்யாணம் முடியும்வரை பழையபடி குடித்தனக்காரராகவே இருக்கட்டும், தெருவில் கேட்டால் அதிகாரி ஆள் மாறி வந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

வீடு அவருடையது. போ என்றால் போக அவளுக்கு இடமில்லை.

"முடியாதுண்ணா" என்றாள். "அடுத்த வருஷமும் வருவாங்க. அப்பவும் எதிர்வீட்டம்மா திட்டினாத்தான் நான் அவருக்குப் பொண்டாட்டியா?"

அண்ணிதான் சொன்னாள், வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி. அவள் சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை, வழக்கம்போல முன்னால் கிளம்பிய கணவரை அவள் படியிலேயே நிறுத்தினாள். அவருக்கு விளங்கவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள். இருவரும் வாசலைத் தாண்டினார்கள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்ததும். அவளுக்குக் கையை உருவிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. உருவிக்கொள்ளவில்லை.