ஹாரன் அடித்தீர்களா?

மேற்பார்வையாளர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டே விபத்து அறிக்கைப் படிவத்தை ஓட்டுநர் பக்கம் நகர்த்தினார். ஓட்டுநர் அந்தப் பிஸ்கட்டையே பார்த்தார். காலையில்தான் சுரங்க ரயில் நிலையத்துக்குள் நுழைந்த அவருடைய ரயில், நடைமேடை விளிம்பில் குனிந்து மஞ்சள் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரியின் கையை அடித்து அவளைத் தூக்கிப் போட்டிருந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ!

படிவத்தில் ‘ஹாரன் அடித்தீர்களா?’ என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று முன்பே எழுதியிருந்தது.

“சார், நான் அடிக்கலையே. ஸ்டேஷனுக்குள்ள அடிக்கக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொன்னதுக்குக் காகிதம் ஏதாவது இருக்கா?”

எங்கே இருக்கும்? சத்தம் காதைப் பிளக்கிறது என்று பயணிகள் புகார் செய்யப் போக, ஓட்டுநர்களை மட்டும் கூப்பிட்டு வாய்வார்த்தையாகச் சொன்ன உத்தரவு அது. துடைக்கிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, ஓட்டுநருக்கும்தான். அவர்களோ ஹாரன் கேட்டால் விலகுவது, கேட்கும்வரை தலை நிமிராமல் துடைப்பது என்று பழகிப்போனவர்கள்.

“அடிக்கலைன்னு எழுதினா உங்க வேலை போயிடும். பொண்ணு இப்பத்தானே காலேஜ் சேர்ந்திருக்கு? அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். கழிப்பறைக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் நன்றாகவே சாப்பிட்டார். அதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஓட்டுநர்களின் ஓய்வறை வாசலில் அந்தத் துப்புரவுக்காரி கையில் மாவுக்கட்டோடு நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன். ஹாரன் அடித்தும் விலகவில்லை, காது மந்தம் என்று சொல்லி அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

“எங்க மேலதாண்ணே தப்பு,” என்றான் புருஷன். “நீங்க எவ்வளவு பதறிப் போயிருப்பீங்க, பாவம். இப்பெல்லாம் வீட்ல நான் இவகிட்ட கத்தித்தான் பேசறேன்.”

பாவமாம்! ஓட்டுநருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் அவர் உதட்டையே பார்த்தபடி சொன்னாள்: “டாக்டர் காது நல்லா இருக்குங்கறாருண்ணே. ஆனா நீங்களே அடிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே. நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க? நெசமாவே எனக்குத்தான் கேக்கலையா?”

உள்ளே யாரோ அவருடைய வண்டி நேரத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் ஏதோ முணுமுணுத்தார், அது அவருக்கே விளங்கவில்லை.

அவள் முறியாத கையால் முடியை ஒதுக்கிவிட்டு, கிட்டே வந்து, காதை அவர் வாய்ப்பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள்.