நவமணியக்கா சாவி குடுத்த வாட்ச்சு

“இது அப்பா வாட்ச்சே இல்லண்ணே. யாருதயோ கொண்டாந்து காட்டுற!”

“பின்னால திருப்பிப் பாரும்மா. சிவசாமி, டீ மேக்கர்னு பேரு வெட்டியிருக்கு.”

“பேரு இருக்கு. வாட்ச்சு எங்க?”

86ல அப்பா காரியம் முடிஞ்ச மறுநாள், எங்க தோட்டத்து லைன் வீடு முழுக்கக் கேட்ட சண்ட இது. பேர காட்டுனது பெரியண்ணன் அமிர்தலிங்கம். கத்துனது நவமணியக்கா, கம்போங் ராஜாவுல வாக்கப்பட்டது. நான் கடைக்குட்டி விஜயன். அன்னிக்கும் நடுவுல மாட்டுனேன், இன்னிக்கும் நடுவுலதான் கெடக்கேன். அலுத்துப் போச்சு.

எங்க தேயிலத் தோட்டத்துல இருபத்தஞ்சு வருஷம் வேல செஞ்ச ஸ்டாஃபுக்கு மேனேஜர் தொர ஒரு சுவிஸ் வாட்ச்சு குடுப்பாரு. வெர்னால்னு பேரு. தொரையே கையில கட்டுற ரகம். ஃபாக்டரில டீ மேக்கரா இருந்த அப்பாவுக்கு 71ல கெடச்சது. தங்கம், மெலிசா இருக்கும், தோல் வாரு, கண்ணாடி லேசா பொடச்சிருக்கும், தேதி காட்டாது. தெனம் சாவி குடுக்கணும். அது அக்கா வேல. ஸ்கூலுக்குக் கெளம்புறப்ப அப்பா கைய நீட்டுவாரு, அக்கா நின்னுக்கிட்டே திருகும். “போதும் தாயி, இறுகிருச்சு”ம்பாரு.

அக்கா வாக்கப்பட்டுப் போனப்புறம், 77ல, ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்குக் குடுத்த வெர்னால் வேற மாதிரி. பெருசு, நீல முகம், மூணு மணி எடத்துல தேதிக்கு ஒரு சின்ன சன்னல். கோயில்ல அப்பா சாமியப் பாக்காம கிராணி கையவே பாத்தாரு. “நம்மளதுல தேதி இல்லையேடா”ன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னாரு. அண்ணன் பிரிஞ்சாங்ல வாட்ச்சுக்கடை வச்சிருந்த சீனர்கிட்ட குடுத்து, முகம், உள் மிஷின், மேல்கூடு எல்லாத்தையும் புது மாடலா மாத்திட்டு வந்துட்டாரு. 84ல தொர குடுத்த மாடலு பேட்டரி. கண்ணாடி தட்டை, செயினும் வாட்ச்சும் ஒட்டிப் பொறந்த மாதிரி. அதுக்கும் மாத்துனாரு. ஒவ்வொரு வாட்டியும் பேரு வெட்டுன பின்மூடிய மட்டும் தேச்சு, வளையம் வச்சுப் பொருத்தச் சொல்லிட்டாரு. மூடி இருந்தா அது அப்பா வாட்ச்சுதான்னு அவரு நெனப்பு.

“வேற வாங்கலம்மா, கவாத்துதான் பண்ணுனேன். வெட்டிவிட்டா தேயிலச் செடி புதுசா துளிர்க்குது. அத வேற செடின்னா சொல்றோம்?”

“கவாத்துக்கு வேர விட்டுட்டு வெட்டுவாங்கண்ணே. நீ செடியவே புடுங்கிட்டு தோட்டத்து மலை நம்பர் பலகைய மட்டும் நட்டு வச்சிருக்க.”

“அப்பா கிராணி மாதிரி கைய வீசிக்கிட்டு கோயிலுக்குப் போனாரே, அது ஒனக்குத் தெரியுமா?”

“போயிருப்பாரு. என்னைய ஒரு வார்த்த கேட்டியா? கட்டிக்குடுத்தாச்சு, இனி அவளுக்கென்ன சாவின்னு விட்டுட்ட.”

அக்கா வாட்ச்ச வாங்கி, பக்கத்துல இருக்குற திருகாணிய ரெண்டு வெரல்ல புடிச்சுத் திருகுச்சு. திருகிக்கிட்டே இருந்துச்சு.

“சும்மா சுத்துதுடா விஜயா. இறுகவே மாட்டேங்குது.”

அப்படியே எங் கையில வச்சுட்டு பஸ்ஸுக்குப் போயிருச்சு. அண்ணனும் திருப்பிக் கேக்கல. அன்னில இருந்து அது எங்கிட்டதான் கெடக்கு. பேட்டரி தீந்து எத்தன வருஷமோ ஆச்சு.

இப்பவும் தீபாவளிக்கு ஒண்ணா சாப்புட உக்காந்தா பேச்சு அதுல போயித்தான் முட்டுது. ஆனா போன தீபாவளிக்கு அக்கா கைகழுவப் போனப்ப அண்ணன் எங்கிட்ட மெல்ல கேட்டாரு: “பழசு எங்கயாவது கெடைக்குமாடா? அவ ஒரு தடவ சாவி குடுத்துப் பாக்கட்டும்.”

சீனர் கடைய மூடிட்டு எங்க போனாருன்னு தெரியல. அதான் இந்த வாட்ச்சு குரூப்புல எழுதுறேன். 71 வாக்குல வந்த வெர்னால், தேதி இல்லாதது, சாவி குடுக்குறது, ஒங்க வீட்டு அலமாரியில கெடக்குதா? ஓடலன்னாலும் பரவால்ல, திருகுனா இறுகணும், அவ்வளவுதான். தேஞ்ச பின்மூடிய அதுக்குப் பொருத்த முடியுமான்னு வேல தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. தயவு செஞ்சு பதில் போடுங்க.