பிஜாமா நாள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. அட்டன் ரயில் நிலையத்தில், பதுளைப் பக்கம் போகிற வண்டி தாமதம் என்று மூன்று மொழியில் அறிவித்து மூன்று மொழியிலும் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணிடமிருந்து பொறுக்கிக்கொண்டது. அவள் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அம்மா, அந்தப் புள்ளைய பிஜாமாவோட ஸ்கூலுக்கு அனுப்பினீங்களா, இல்லையா?"

வேறு யாராவது என்றால் கையிலிருந்த வடையைத் தின்றிருப்பார்கள். நான் வடையைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம்தான். அந்தப் பழக்கம் இல்லாமல் கதை எழுதுகிறவர் யாராவது இருந்தால் கொட்டகலைக்கு வந்து என்னைப் பார்க்கட்டும், தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன். என் வீட்டுக்கு ஆள் வந்தும் கனகாலம் ஆகிறது.

அதற்குப் பிறகும் அவள் பேசியதில் ஒன்றிரண்டு காதில் விழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் என்னால் மேலே எழுத முடியாமல் போய்விடும்.

2

தொடக்கம், முதல் தடவை: "வட்டகொடை மலைகளை மூடுபனி மெல்லத் தழுவிக்கொண்டிருந்த அந்த"

[நிறுத்திவிட்டேன். மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சுற்றுநிருபம் அனுப்பிய மாதிரி நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அன்று நல்ல வெயில்.]

தொடக்கம், இரண்டாம் தடவை: பிரேமினிக்கு இருபத்தாறு வயது. வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், பழைய லயத்து வரிசை அறைகளை இடித்துக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் தனியாக இருக்கிறாள். வீடு அம்மா சண்முகவடிவு குவைத்திலிருந்து காசனுப்பிக் கட்டிய வீடு. அம்மா அதில் லீவுக்கு வந்து படுத்திருக்கிறாளே தவிரக் குடியிருந்ததில்லை. பிரேமினி நாலாம் ஆண்டு படிக்கும்போது போனவள், ஒரே மேடம் வீட்டில் சமைத்து, துவைத்து, மேடத்தின் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவைப் பற்றிப் பிரேமினி பேசுவதில்லை. நானும் தோண்டவில்லை.

இது நிற்கும் போலிருக்கிறது. பெயர்கள் நான் வைத்தவை. குவைத்தும் நான் அனுப்பியதுதான்.

[முதலில் அவளுக்குத் தனுஷன் என்று ஒரு தம்பியைக் கொடுத்திருந்தேன். அவன் வந்தவுடன் சாப்பாடு கேட்டான், கதை அவன் பின்னாலேயே போகப் பார்த்தது. அவனைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பினேன், பிறகு அடியோடு எடுத்துவிட்டேன். அடுத்த வீட்டு மீனம்மா என்று ஒருத்தியும் இருந்தாள். பொழுதுபட்டால் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவாள். அவள் இருக்கும்வரை பிரேமினி தனியாக இருக்க மாட்டேன் என்றாள். அதனால் மீனம்மாவையும் ரொட்டியோடு அழித்தேன். இந்தப் பெண் இவ்வளவு தனியாக இருப்பதற்கு வறுமையோ விதியோ காரணம் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி என் வேலை.]

3

இனி பிஜாமாவுக்கு ஒரு காரணம் வேண்டும். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கடல் கடந்த ஒரு பிள்ளையின் பிஜாமாவில் என்ன அக்கறை? யோசித்து யோசித்து அவளையும் என்னைப் போலவே எழுதுகிறவளாக ஆக்கினேன். ஆனால் அவள் எழுதுவதை ஆட்கள் வாசிக்கிறார்கள்.

கொழும்பில் கஜேந்திரன் என்றொருவர் வெளிநாட்டு இணையத்தளங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் நிறுவனம் நடத்துகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவர் பிரேமினிக்குக் கொடுத்த தலைப்பு: பிரிட்டிஷ் பள்ளிக்கூடமும் அமெரிக்கப் பள்ளிக்கூடமும், சிரிக்க வைக்கும் வித்தியாசங்கள். இங்கிலாந்தில் குடியேறிய ஓர் அமெரிக்கத் தாய், ஒரு மகன், ஒரு மகள். அந்தத் தாயாக இருந்து வாராவாரம் எழுத வேண்டும்.

மலையிறங்கும் பஸ் கினிகத்தேனையைத் தாண்டினாலே வாந்தி எடுக்கிற பெண் பிரேமினி. என்றாலும் பிரிட்டிஷ் பள்ளிக்கூடம் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். காலைக்கூட்டம், கழுத்துப்பட்டி, மாணவத் தலைவர், இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி, திங்கட்கிழமை நகம் பார்ப்பது, டீச்சர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து இழுத்து இழுத்து வணக்கம் சொல்வது. எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? தன் தோட்டப் பாடசாலையைத் தூக்கி அப்படியே இங்கிலாந்தில் வைத்து எழுதி அனுப்பினாள்.

கஜேந்திரன் போன் பண்ணினார்.

"பிரேமினி, வாசிச்சன். நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா இது எந்தக் காலத்து இங்கிலாந்து? என்ரை அக்காவின்ரை பிள்ளையள் லண்டனிலதான் படிக்குதுகள். அங்க நகம் பாக்கிறதும் இல்லை, சப்பாத்துக்கு வெள்ளை அடிக்கிறதும் இல்லை. உப்பிடி ஒண்டும் இப்ப இல்லை."

"எங்க ஸ்கூல்ல இன்னும் இருக்குங்க சேர்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். கொஞ்சம் விசாரிச்சுப்போட்டு, ஆக்கள் சிரிக்கிற மாதிரிப் பகிடியா எழுதும்."

வெள்ளைக்காரத் துரைமார் போய் எத்தனையோ காலம். போகும்போது பங்களாவில் விட்டுப்போன மேசை நாற்காலியோடு பள்ளிக்கூடத்தையும் விட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறோம், அவர்கள் தங்கள் ஊரில் புதுசு வாங்கிவிட்டார்கள். [இது கட்டுரை மாதிரி போகிறது. ஆனால் வெட்ட மனம் வரவில்லை.]

4

விசாரிக்க அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், அம்மா. குவைத் மேடத்தின் மகன் பதர் பிரிட்டிஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். மகள் தலால் போன வருடம்வரை அதே பள்ளிக்கூடம். இந்த வருடம் மேடம் என்ன நினைத்தாரோ, அவளை அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார். இரண்டு சாப்பாட்டுப் பெட்டியும் கட்டி, இரண்டு கேட்டிலும் காத்து நிற்கிறவள் சண்முகவடிவு.

அதுவரை தாயும் மகளும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். பிறகு இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது பேச விஷயம் கிடைத்துவிட்டது. அம்மாவும் பேசினாள், மழை பிடித்துக்கொண்ட மாதிரிப் பேசினாள்.

"பொடியன் ஸ்கூல்ல அந்த வெயிலுக்கும் கோட்டும் டையும். மத்த ஸ்கூல்ல புள்ள கிழிஞ்ச கால்சட்டை போட்டுட்டுப் போனாலும் டீச்சர் சிரிக்கிறாங்க பிரேமி."

"ரிப்போட்டு எப்படிம்மா?"

"பொடியன் தொண்ணூறு எடுத்தாலும் 'பரவாயில்ல, இன்னும் முயற்சி செய்யலாம்'னு எழுதுறாங்களாம். மேடம் வாசிச்சுக் காட்டி ஏசுவாங்க. புள்ளைக்கு, ஒரு கோடு கிழிச்சாலும் ஸ்டார் ஒட்டிப் பிரமாதம்ங்குறாங்க. பிரிஜ் முழுக்க ஸ்டாரு."

ஒருநாள் அம்மா அழுதாள். பிரிட்டிஷ் பள்ளிக்கூடத்தில் என்றால் இந்த வருடம் மூன்றாம் ஆண்டுக்குப் போயிருக்க வேண்டிய தலாலை அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் போட்டிருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியவந்தது.

"கெட்டிக்காரப் புள்ள. கீழ எறக்கிட்டாங்களே. நான் பிள்ளையாருக்கு நேந்துக்கிட்டேன்."

"அது பெயில் இல்லம்மா. அமெரிக்காக்காரங்க ஒன்னு கொறச்சுத்தான் எண்ணுவாங்க. ரெண்டும் ஒன்னுதான்."

"அப்படியா?" என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இருந்தாலும் சாமிகிட்ட சொன்னது சொன்னதுதானே. அட்டன் போறப்ப ஒரு தேங்கா ஒடச்சிரு."

பிரேமினியின் ஓ.எல். பரீட்சைக்கும் அம்மா அங்கிருந்து ஒரு தேங்காய்தான் நேர்ந்தாள். அப்போதும் உடைத்தது பிரேமினிதான்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வாங்கில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு சொப்பிங் பை இருந்தது. உள்ளே உடைத்த தேங்காய், விபூதிப் பொட்டலம். அது நான் கண்ணால் பார்த்தது. நேர்த்திக்கடன் யாருக்கு என்பதைத்தான் கற்பனை செய்துகொண்டேன்.]

5

இதை எழுதலாமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். வீட்டில் உனக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கொண்டுவந்து வகுப்புக்குக் காட்டி அதைப் பற்றிப் பேசு என்பார்கள். ஒரு பிள்ளை ஆமை கொண்டுவந்ததாம், ஒன்று தாத்தாவின் வாளைக் கொண்டுவந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாம். தலால் ஒன்றையும் எடுத்துவரவில்லை. கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பப் போன சண்முகவடிவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னைய முன்னுக்கு நிப்பாட்டிட்டா பிரேமி. 'இது என் சண்மு, தேயில வர்ற மலையில இருந்து வந்தவங்க'ன்னு இங்கிலீசுல சொல்றா."

"நீங்க என்னாம்மா செஞ்சீங்க?"

"என்னா செய்யிறது? கையக் கட்டிக்கிட்டு, 'குட்... மோர்னிங்... டீச்சர்'ன்னு நம்ம ஸ்கூல்ல சொல்ற மாதிரியே சொன்னேன். எல்லாப் புள்ளையும் கை தட்டுச்சு!"

பிரேமினி வயிறு நோகச் சிரித்தாள். போனை வைத்த பிறகு வீடு மிகவும் அமைதியாக இருந்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வரும் நாட்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு தாயோ தகப்பனோ நிற்பார்கள். அவளுக்குப் பின்னால் சுவர் இருக்கும். அந்தக் குவைத்துப் பிள்ளை மீது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை மீது பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அம்மா வேண்டும் என்று இருந்தது. இவ்வளவு வயதுக்குப் பிறகு அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வாரக் கட்டுரையில் அமெரிக்கத் தாய் இங்கிலாந்துப் பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றாள். மகன் வந்தான், மகள் வந்தாள். அதற்குப் பிறகு பிரேமினி இதையும் எழுதினாள்: "மூன்றாவதாக ஒரு பிள்ளை வந்தது. சப்பாத்துக்கு வெள்ளை பூசியிருந்தது. யாரைத் தேடுவது என்று தெரியாமல் கேட்டில் நின்றது. நான் கையைக் காட்டினேன்."

கஜேந்திரன் மறுபடி போன் பண்ணினார்.

"ரெண்டு பிள்ளையள்தானே பிரேமினி? உந்த மூண்டாவது பிள்ளை எங்கயிருந்து வந்தது? வாசிக்கிற ஆக்களுக்குக் குழப்பம். எடுத்துப்போட்டன். மற்றதெல்லாம் நல்ல பகிடி."

"சரிங்க சேர்," என்றாள்.

6

இப்போது வாங்குக்கு வருகிறோம். பிஜாமா நாள் என்று ஒன்று, அதுவும் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில்தான். அன்று எல்லோரும் இரவு உடுப்போடு வர வேண்டும். சண்முகவடிவு நம்பவில்லை. பிள்ளை ஏமாற்றுகிறது என்று நினைத்து, கவுணை அயன் பண்ணிப் போட்டு, தலைவாரி ரிப்பன் கட்டி அனுப்பிவிட்டாள். பள்ளிக்கூடம் முழுக்கப் பிஜாமா, இவள் மட்டும் கவுண். தலால் பயங்கர அழுகை. வாங்கில் அவள் சிரித்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் கேட்டதைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அவள் சிரிப்பு குறைந்தது. நீண்ட நேரம் "ம்" போட்டாள். வண்டி வந்தது, ஏறினோம், நான் வெட்கமில்லாமல் அவளுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தேன். வண்டி நகரும்போது அவள் கேட்டாள்:

"இன்னும் எத்தன வருசமாம்?"

அம்மா பக்கத்தை நான் எழுதிக்கொள்கிறேன்: "ரெண்டு. ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. மேடம் இருக்கச் சொல்றாங்க. நான் போயிட்டா சின்னது சாப்பிடாதாம். முன்னெல்லாம் நானே முடிவு பண்ணிட்டேன், ஒன்னையக் கேக்கல. இந்தத் தடவ நீ சொல்லு பிரேமி. நீ என்னா சொல்றியோ அதான்."

7

முடிவு, அ: வாங்க என்கிறாள். அம்மா வருகிறாள். போனில் மட்டுமே பழகிய இரண்டு பேர் ஒரு குசினி அடுப்படிக்குள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு நிற்கிறார்கள். விடியற்காலையில் அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் தேடுகிறாள். பெட்டி இல்லை என்றதும் [இதை என்னால் முடிக்க முடியவில்லை.]

முடிவு, ஆ: இருங்க என்கிறாள். கட்டுரைத் தொடர் நன்றாகப் போகிறது, கஜேந்திரன் சந்தோஷப்படுகிறார், நகைச்சுவைக்குக் குறைவில்லை. [முடிக்க முடியும். முடிக்க விருப்பமில்லை.]

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் சொல்றேன்ம்மா. நீங்க" என்றாள். வண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. சுரங்கம் வந்தால் பெட்டியே சேர்ந்து 'ஹூ' போடுவது நம் வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடலைக்காரர், குழந்தையோடு வந்த தம்பதி எல்லோரும் போட்டார்கள். இருட்டில் அவள் உதடு அசைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் மறுபடி அடித்தது.

"அம்மா... கேட்டுச்சா, நான் சொன்னது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இல்லியா? சுரங்கம்மா. லைன் கட்டாயிருச்சு."

அதைத் திரும்பச் சொல்லவில்லை. போன் காதில்தான் இருந்தது, அந்தப் பக்கம் அம்மாவும் வைக்கவில்லை. கொட்டகலை வந்தது. நான் எழுந்தபோது அவள் பையிலிருந்து ஒரு துண்டுத் தேங்காயை எடுத்து நீட்டினாள். "கோயில் தேங்கா, எடுத்துக்குங்க ஐயா," என்றாள். யாருக்காக உடைத்தது என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, அழித்துவிட்ட மீனம்மாவைக் கதைக்குள் திரும்பக் கொண்டுவந்தேன். இன்றைக்குப் பிரேமினி வீடு போய்ச் சேரும்போது ரொட்டி இருக்கும். என்னால் ஆனது அது.

வண்டி தலவாக்கலை தாண்டி வட்டகொடைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. இருட்டில், யாருக்கும் கேட்காத சத்தத்துக்குள் அவள் அதை ஒரு தடவை சொல்லிவிட்டாள். வெளிச்சத்தில் இரண்டாம் தடவை சொல்ல வேண்டும். நான் இறங்கிவிட்டேன், நீங்கள் இறங்கவில்லை. அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள்.