காயம் தெரியாத நிறம்

மஞ்சள் புடவையின் முந்தானையைக் கையில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தான் செல்வகுமார். அவன் மனைவி அன்புசெல்வி சுவரில் போய் மோதினாள். பல் குத்தி உதடு கிழிந்தது.

"அவுத்துப் போடுடி அத."

"மாட்டேன்."

ஓங்கி அறைந்தான். தடுக்கப் போன அவள் கை பட்டு, கண்ணாடி முன் இருந்த பவுடர் டப்பா உருண்டு விழுந்தது. தரையில் வெள்ளையாகச் சிதறிய பவுடரில் ரத்தம் சொட்டி உருண்டையாக நின்றது.

"மூஞ்சில அடிக்காதடா," என்றாள் அவன் அம்மா சொர்ணம், வாசலிலிருந்து. "ஆளுங்க வர நேரம். முதுவுல போடு."

வலைக்கயிறு கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. உப்புநீரில் ஊறி ஊறி இறுகிப்போன கயிறு. அதை எடுத்து இரண்டாக மடித்துக்கொண்டான்.

வைத்திக்குப்பத்தில் அந்த வீட்டு அடி அக்கம்பக்கத்துக்குப் புதிதல்ல. காரணம்தான் அன்றைக்குப் புதிது. செல்வகுமாரின் தங்கை சந்திரகலாவைப் பெண் பார்க்க லாஸ்பேட்டையிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் பியூன். பெண் மாநிறம் என்று தரகரிடம் சொல்லி வைத்திருந்தாள் சொர்ணம். சந்திரகலா மாநிறம் இல்லை. கறுப்பு.

சொர்ணம் இருபது வருடமாக மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வெள்ளை வவ்வால் மீன் கொஞ்சம் மங்கிப்போனால் பக்கத்தில் கறுப்பு வவ்வாலை அடுக்குவாள். மங்கியதும் பளிச்சென்று தெரியும். மகளுக்கும் அதையே யோசித்தாள். சந்திரகலாவுக்கு வெளிர் ரோஸ் புடவை, முகத்தில் பவுடர். அவளைவிட ஒரு பங்கு கறுப்பான மருமகளுக்குக் காப்பித்தூள் கலர் புடவை, கறுப்பு ஜாக்கெட். இருவரும் ஒட்டி நின்று காப்பி கொடுக்க வேண்டும்.

"நீ பக்கத்துல நின்னாலே போதும், அவ செவப்பா தெரிவா," என்று காலையில் சொர்ணம் சொன்னபோது அன்புசெல்வி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நான் இன்னா மீனா அத்த, கூடையில வைக்கிறதுக்கு?"

அதோடு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடியில் கிடந்த மஞ்சள் புடவையை எடுத்தாள். அரக்குக் கரை போட்டது. பொங்கல் சீரோடு அவள் அம்மா கொண்டுவந்தது. கடையில் ஒவ்வொரு புடவையாகத் தோளில் வைத்துப் பார்த்து, "இதுலதாண்டி உன் மொகம் வெளிச்சமா இருக்கு," என்று அம்மா எடுத்த புடவை. கல்யாணமாகி நான்கு வருடம், அவள் அதைக் கட்டியதே இல்லை. கறுப்பு, கருநீலம், காப்பித்தூள், இவைதான் அவளுக்கு. மஞ்சள் கட்டினால் கண் கூசுகிறது என்று சொர்ணம் சொல்வாள். கண் கூசுவது மட்டும் காரணமில்லை. அடித்த மறுநாள் கடற்கரைக்குப் போனாலும் கருநீலத்தில் கறை தெரியாது.

முதுகில் கயிறு விழுந்துகொண்டிருந்தது. அன்புசெல்வி புடவையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

உள்ளறையில் சந்திரகலா கைக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். அண்ணி அடிபடும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது அவள் வழக்கம். இன்றைக்கு டிவி போடக்கூடாதென்று அம்மா சொல்லிவிட்டாள். ஒவ்வொரு அடியும் கேட்டது.

"போதுண்டா," என்றாள் சொர்ணம் கடைசியில். "கறுத்த ஒடம்பு, ஒண்ணும் தெரியாது. ஏய், எழுந்து கறுப்பு ஜாக்கெட்ட மாட்டு."

சந்திரகலா தன் கையைப் பார்த்தாள். முழங்கைவரை வெள்ளை. அதற்குமேல் அண்ணியின் நிறம்.

வெளியே ஆட்டோ நின்றது. சொர்ணமும் மகனும் முகத்தை மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

மாப்பிள்ளை ராஜவேலும் அவன் அம்மா நிர்மலாதேவியும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சந்திரகலா காப்பித் தட்டோடு வந்தாள். அவளை ஒட்டி அன்புசெல்வி நின்றாள். மஞ்சள் புடவையில். மார்பில் மூன்று நான்கு சொட்டு ரத்தம். உதடு வீங்கியிருந்தது. கழுத்தோரம் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா," என்றாள் சொர்ணம் அவசரமாக.

நிர்மலாதேவி ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். காப்பி ஆவியில் வேர்த்து மணிக்கட்டில் பவுடர் கரைந்திருந்தது.

"புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும், அத வுடுங்க. எம் பையனும் கோவக்காரந்தான். பொண்ணு நெறந்தான் சொன்ன மாதிரி இல்லியே. ரோஸு கட்டியும் இப்பிடித் தெரியுதே."

ராஜவேல் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரகலா தட்டைத் தரையில் வைத்தாள். "மாநெறம்னு எங்கம்மா பொய் சொல்லிச்சிங்க. நான் கறுப்புதான். எங்க அண்ணி மாதிரி. அவங்க வழுக்கி வுழல. எங்கண்ணன் அடிச்சான்."

செல்வகுமார் கை ஓங்கினான். நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தான். கையை இறக்கிக்கொண்டான்.

இறங்கிய அந்தக் கையையே அன்புசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் கண்மண் தெரியாது, கை தானாக ஓடிவிடுகிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் அவன் சொல்லியிருக்கிறான். அவளும் நம்பியிருந்தாள்.

அவள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பின்னாலேயே சந்திரகலா அண்ணியின் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"புடவைய மாத்திட்டாவது போடி, தெருவே பாக்குது," என்று சொர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாக்கட்டும் அத்த."

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம். சந்திரகலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா நகர்ந்து அன்புசெல்விக்கு இடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள்.

"நல்ல மஞ்ச. உனக்கு எடுப்பா இருக்கு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரத்தமா இருக்கே. எங்கனா வுழுந்துட்டியாம்மா?"

நான்கு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில் அன்புசெல்வியின் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா," என்றாள், முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "புருசன் அடிச்சான்."