கரை முழுக்கக் கதவுகள்

தையல்காரருக்குச் சிலந்தி என்றால் குலை நடுங்கும். கடையில் ஒட்டடை அடிப்பதுகூட மனைவிதான். அப்படிப்பட்டவரிடம் போய், சிலந்தி ஆராய்ச்சி செய்யும் மச்சினன், "ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும் மாமா. நீங்க அதைப் பாக்கவே வேணாம்" என்றான். மனைவியின் முகத்துக்காகக் கிளம்பினார்.

ஓடையை ஒட்டிச் செங்குத்தான மண்கரை. மழையில் ஊறி, பாசி படிந்திருந்தது. மச்சினன் ஏணியில் ஏறினான்.

"எங்கடா சிலந்தி? ஒண்ணையும் காணோம்."

"உங்க மூக்குக்கு நேராவே இருக்கும்."

ஏணியிலிருந்து குனிந்து, ஊசிமுனையால் அவர் முகத்துக்கெதிரே பாசியை நெம்பினான். கோட்டுப் பொத்தான் அளவுக்கு வட்டமான மூடி ஒன்று எழும்பியது. உள்ளே ஒரு பொந்து, சுவரெல்லாம் வழவழவென்று சிலந்தி நெய்த வெள்ளைப் பட்டு. அடுத்த கணம் உள்ளிருந்து ஏதோ ஒன்று மூடியை வெடுக்கென்று இழுத்துச் சாத்தியது.

தையல்காரர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கதவுச் சிலந்தி மாமா. ராத்திரி கதவுக்குப் பின்னாலயே காத்திருக்கும். பூச்சி கிட்ட வந்தா பாய்ஞ்சு பிடிக்கும்."

"இங்க எத்தனைடா இருக்கும்?"

"கரை முழுக்க."

ஏணியோடு சேர்த்துக் கரையில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரலுக்கடியில் ஒரு மூடி மெல்ல அசைந்தது. வீலென்று கத்தி, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். ஏணி சாய்ந்தது. மச்சினன் கரையின் மேல்விளிம்பைப் பற்ற, அது அப்படியே பெயர்ந்து அவனோடு சரிந்தது.

மண் அடங்கியபோது அவனுடைய ஒரு கைதான் வெளியே தெரிந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவருமில்லை. தையல்காரர் மண்டியிட்டு மண்ணைப் பறித்தார். பிடிப்பிடியாக மண்ணோடு கிழிந்த பட்டுக் குழல்கள் வந்தன. ஒன்றிலிருந்து கருகருவென்று மினுங்கிய சிலந்தி வெளியே வந்து, முன்னங்கால்களைத் தூக்கி, அவர் மணிக்கட்டில் ஏறியது. "ஐயோ, ஐயோ" என்று அலறினார். கை மட்டும் நிற்கவில்லை. அது சட்டைக்கைக்குள் நுழைவது தெரிந்தது. உதறவும் நேரமில்லை. மச்சினனின் மூக்கு தெரியும்வரை பறித்தார்.

மச்சினன் இருமினான். மண்ணைத் துப்பினான். மூச்சு வந்தது. தையல்காரர் அவன் இடுப்புவரை மண்ணை விலக்கினார்.

"ஏன் மாமா விட்டீங்க?"

"பயந்துட்டேன்டா."

"அப்புறம் எப்படித் தோண்டுனீங்க?"

"அப்பவும் பயந்துக்கிட்டுதான். பேசாதடா, சட்டைக்குள்ள ஒண்ணு இருக்கு."

இடுப்புவரை மண்ணில் புதைந்தபடியே மச்சினன் அவருடைய பொத்தான்களைக் கழற்றினான். தோளுக்கடியில் ஒடுங்கியிருந்ததை உள்ளங்கையில் வாங்கி ஈரமண்ணில் விட்டான்.

"போயிடுச்சு மாமா."

"இன்னொரு தடவை பாரு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.